கோஹாவில் ஐஎஸ்பிஎன்: ஒரு வாசகசாலைக்காரனின் இரண்டு வருட அனுபவம்

நான் நூலகப் படிப்பு படித்தவன் இல்லை. வங்கியில் 34 வருடம் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றவன். மறு மாதமே, "சும்மாத்தானே சார் இருக்கீங்க" என்று எங்கள் ஊர் வாசகசாலைச் செயலாளர் சாவிக்கொத்தைக் கையில் திணித்துவிட்டார். உள்ளே போய்ப் பார்த்தால் ஏழாயிரத்துச் சொச்சம் புத்தகம், மூன்று நெட்டை ரிஜிஸ்டர், கரையான் பாதி தின்ற கார்டு அலமாரி. யாராவது ஒரு புத்தகம் இருக்கிறதா என்று கேட்டால் எழுந்து போய் தட்டுத் தட்டாகத் துழாவ வேண்டும். அதுதான் பட்டியல்.

கணினியில் ஏற்றிவிடலாம் என்று முடிவானதும் கோஹா என்ற நூலக மென்பொருளைப் போட்டோம். இரண்டு வருடம் ஆகிறது. உறுப்பினர் அட்டை, இரவல், தாமதக் கட்டணம் எல்லாம் ஒழுங்காக ஓடுகின்றன. அதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. என் பொழுதில் முக்கால்வாசியைத் தின்றது ஒரே ஒரு பெட்டி. புத்தகத்தின் ஐஎஸ்பிஎன்னை, அதாவது ஒவ்வொரு பதிப்புக்கும் உரிய சர்வதேச எண்ணைப் போடும் பெட்டி. சின்ன நூலகம் வைத்திருப்பவர்களுக்கும் இனிமேல் கோஹா போடப்போகிறவர்களுக்கும் அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

கோஹா என்பது மாவோரிச் சொல். வாங்கிக்கொண்டவர் பிறகு திருப்பிச் செய்வார் என்ற எதிர்பார்ப்போடு கொடுக்கும் அன்பளிப்பு என்று பொருள். நம்ம ஊர் மொய்தான். நியூசிலாந்தில் ஹொரோஃபெனுவா என்ற வட்டாரத்தின் நூலக அறக்கட்டளை, 2000 பிறந்ததும் தன் பழைய மென்பொருள் படுத்துவிடும் என்று பயந்து, கட்டிப்போ என்ற சின்ன நிறுவனத்தைக் கொண்டு 1999இல் இதை எழுதவைத்தது. 2000 ஜனவரியில் ஓட ஆரம்பித்தது. அப்புறம் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று திறந்துவிட்டார்கள். நம் நாட்டிலேயே தேசியத் தகவலியல் மையத்தின் இ-கிரந்தாலயா இருக்கிறது, கல்லூரிகளில் இன்ஃப்ளிப்நெட்டின் சோல் இருக்கிறது. அரசும் இல்லாத கல்லூரியும் இல்லாத எங்களைப் போன்ற இடத்துக்கு கோஹா தோதாகப் பட்டது. ஒருவர் தானமாகக் கொடுத்த பழைய டெஸ்க்டாப்பில், பக்கத்துத் தெருவில் இருக்கும் நூலக அறிவியல் படித்த பெண் லினக்ஸைப் போட்டு நிறுவிக் கொடுத்தாள். மென்பொருளுக்குக் காசு இல்லை. அவளுக்குத்தான் நாங்கள் இன்னும் கடன்பட்டிருக்கிறோம்.

செலவு என்று ஆனது ஸ்கேனருக்கு, 1,900 ரூபாய். சென்னை ரிச்சி தெருவில் மருமகன் வாங்கி வந்தது. அதன் மேல் அச்சடித்திருந்த கம்பெனிப் பெயர் இரண்டே மாதத்தில் அழிந்துவிட்டதால் பெயர் சொல்லிப் பாராட்ட வழியில்லை. யூஎஸ்பியில் செருகினால் போதும், கணினி அதை இன்னொரு கீபோர்டு என்று நினைத்துக்கொள்ளும். எண்ணைத் தட்டி முடித்ததும் கூடவே ஒரு என்டரையும் தட்டும். தேடும் பெட்டியில் அது வசதி. பதிவு எழுதும் பக்கத்தில் எனக்கு இடைஞ்சலாக இருந்தது. கூட வந்த கையேட்டில் உள்ள ஒரு கோட்டுக்குறியை அடித்தால் என்டர் டேப்பாக மாறிவிடும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. கையேட்டைப் படித்தால் கௌரவக் குறைச்சல் என்று நினைக்கும் ஜாதி நான்.

பின்னட்டையில் இருக்கும் கோடுகள் எல்லாம் ஐஎஸ்பிஎன் என்றும் நினைத்திருந்தேன். இல்லை. 978 அல்லது 979 என்று தொடங்கினால்தான் புத்தகம். 977 என்றால் பத்திரிகை, அதன் எண் போக வேண்டிய இடம் வேறு. 890 என்று தொடங்குவது சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் கொடுக்கும் இந்தியப் பொருள் எண். அப்படிப்பட்ட குறியோடும் எங்களிடம் சில புத்தகங்கள் இருக்கின்றன. அமெரிக்கப் புத்தகங்களில் பெரிய கோட்டுக்குறிக்குப் பக்கத்தில் குட்டியாக இன்னொன்று இருக்கும். அது விலை. 51299 என்றால் முதல் 5 அமெரிக்க டாலரைக் குறிக்கும், மீதி 12 டாலர் 99 சென்ட். எங்கள் ஸ்கேனர் ஆரம்பத்தில் இரண்டையும் சேர்த்துப் படித்து 18 இலக்கத்தைக் கொட்டியது. அதையும் அணைத்து வைக்கலாம். அதே கையேடு, இரண்டு பக்கம் தள்ளி.

சரி, அந்தப் பெட்டிக்கு வருவோம்.

கோஹா தன் பதிவுகளை மார்க் என்ற முறையில் வைத்திருக்கிறது. 1960களில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் ஹென்ரியட் ஆவ்ரம் என்ற அம்மையார் முன்னின்று உருவாக்கியது. அதில் ஒவ்வொரு விவரத்துக்கும் மூன்றிலக்கத்தில் ஒரு புலம். தலைப்புக்கு 245, ஐஎஸ்பிஎன்னுக்கு 020. அந்த 020க்கு உள்ளேயும் அறைகள் உண்டு. 'ஏ' அறையில் எண். இடைக்கோடு, இடைவெளி எதுவும் இல்லாமல் ஒரே மூச்சில். 'க்யூ' அறையில் அந்த எண் எதற்கு உரியது என்று: காலிகோ கட்டு, சாதா அட்டை, இரண்டாம் தொகுதி, இப்படி. 2013க்கு முன்னால் இதையும் எண்ணோடு சேர்த்து அடைப்புக்குறியில் எழுதிக்கொண்டிருந்தார்கள். பழைய பதிவுகளை இறக்கினால் அந்த வழக்கம் இன்னும் தென்படும். 'சி' அறையில் விலை போடலாம். கடைசியாக 'இஸட்'. செல்லாத எண்ணைப் போடும் அறை.

இந்தக் கடைசி அறையைப் பார்த்ததும் எனக்கு மரியாதை வந்துவிட்டது. வங்கியில் தப்பான கணக்கு எண்ணை அடித்துவிட்டுச் சரியானதை மேலே எழுதுவோம்; தப்பான எண்ணுக்கென்று ஒரு இடம் ஒதுக்கியதில்லை. இங்கே ஒதுக்கியிருக்கிறார்கள், ஏனென்றால் தப்பான எண் புத்தகத்தின் மேலேயே அச்சாகி இருக்கிறது. வாசகர் அதைப் பார்த்துத்தான் தேடுவார். 'இஸட்'டில் போட்டு வைத்தால், ஐஎஸ்பிஎன் என்று தேர்ந்தெடுக்காமல் பொதுப் பெட்டியில் தட்டும்போது அந்தப் பிழை எண்ணுக்கும் புத்தகம் வந்து நிற்கிறது. இந்த முறையை வகுத்தவர்கள் புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்த்த மனுஷர்கள்.

ஆங்கிலப் புத்தகம் என்றால் கோஹாவோடு வேலை செய்வது சுகம். ஸ்கேனரை வைத்து ஒரு பீப். இஸட் 39.50 என்ற, நூலகங்கள் பதிவுகளைப் பரிமாறிக்கொள்ளும் வழியாகக் காங்கிரஸ் நூலகத்தைக் கேட்கச் சொன்னால், தலைப்பு, ஆசிரியர், பக்க எண்ணிக்கை, பொருள்வாரியாகப் பிரிக்கும் டூயி எண் வரைக்கும் தயாராக வந்து விழும். நான் செய்ய வேண்டியது எங்கள் அக்சஷன் நம்பரை, அதாவது அந்தப் பிரதிக்கு நாங்கள் கொடுக்கும் எண்ணைச் சேர்ப்பதுதான். ஒரு காபி ஆறுவதற்குள் நாலைந்து புத்தகம் முடித்துவிடலாம்.

தமிழுக்கு அந்தச் சுகம் அவ்வளவாக இல்லை. காங்கிரஸ் நூலகத்துக்கு 1960களிலிருந்தே டெல்லியில் அலுவலகம் இருக்கிறது; தமிழ்ப் புத்தகங்களும் வாங்கிப் போகிறார்கள். அதனால் சிலது அகப்படும். அகப்பட்டாலும் தலைப்பு ஆங்கில எழுத்தில் இருக்கும். ழகரத்துக்கு 'எல்'லின் அடியில் கோடு, ளகரத்துக்கு அதே 'எல்'லின் அடியில் புள்ளி, நெடிலுக்கெல்லாம் தலையில் கோடு. பார்க்க ஜோராக இருக்கிறது. எங்கள் வாசகர் யார் அப்படித் தட்டித் தேடப்போகிறார்? 245இல் தமிழில் திருப்பி அடித்துவிட்டு, வந்த தலைப்பை மாற்றுத் தலைப்பாகக் கீழே வைத்துவிடுகிறேன். தமிழ்ச் சொற்கள் தேடலில் ஒழுங்காக வர வேண்டுமானால் நிறுவும்போதே தேடல் அட்டவணையை ஐசியு என்ற முறைக்கு மாற்றச் சொல்லுங்கள். எங்களுக்கு முதல் மாதம் அது தெரியாமல், தலைப்பை முழுசாக அடித்தாலும் ஒன்றும் வரவில்லை என்று கணினியைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

பதிவு வெளியிலிருந்து வராவிட்டாலும் தமிழ்ப் புத்தகத்துக்கு ஐஎஸ்பிஎன்னைப் போட்டே ஆக வேண்டும் என்பேன். அன்பளிப்பாக மூட்டை மூட்டையாகப் புத்தகம் வரும் இடம் இது. யாராவது ஒரு பெரியவர் காலமானால் பதினைந்தாம் நாள் அவர் பிள்ளைகள் ஆட்டோவில் ஏற்றி வந்துவிடுவார்கள். அதில் எது நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது என்று தெரிய அந்த எண்தான் குறுக்கு வழி. ஒரு பீப், பதில் வந்துவிடும்.

வரும் பதில் எப்போதும் உண்மையாக இருக்காது. புதிதாக ஒரு பதிவைச் சேமிக்கும்போது கோஹா, இது இரட்டிப்போ என்று சந்தேகப்பட்டால் நிறுத்திக் கேட்கும்: இதுவும் அதுவும் ஒன்றா? ஆமாம் என்றால் பழைய பதிவின் கீழே இன்னொரு பிரதியாகச் சேர்த்துக்கொள்ளலாம். இல்லை என்றால் புதுப் பதிவு. நல்ல ஏற்பாடு. ஆனால் ஐஎஸ்பிஎன் போட்டிருந்தால் அது அந்த எண்ணை மட்டும்தான் ஒப்பிடுகிறது; எண் இல்லாதபோதுதான் தலைப்பையும் ஆசிரியரையும் பார்க்கிறது. அதாவது எண் இருந்தால் அது சொல்வதே வேதம்.

ஒரு பதிப்பகம், பெயர் வேண்டாம், ஒரு சித்த மருத்துவப் புத்தகத்துக்கும் ஒரு சமையல் புத்தகத்துக்கும் ஒரே எண்ணை அச்சடித்திருந்தது. என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. அட்டை போடுகிறவர் போன புத்தகத்தின் பின்னட்டையை எடுத்து வாசகத்தை மாற்றியிருக்கிறார், மூலையில் இருக்கும் கோட்டுக்குறியை மறந்துவிட்டார். அன்றைக்கு ஸ்கேனரோடு உட்கார்ந்திருந்தவள் அந்தப் பக்கத்துத் தெருப் பெண். "சார், டூப்ளிகேட்னு வருது, யெஸ் கொடுத்துட்டேன்" என்றாள். நான் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "சரிம்மா" என்றேன். சமையல் புத்தகம் சித்த மருத்துவத்தின் இரண்டாம் பிரதியாகி, முதுகில் மருத்துவ எண் ஒட்டப்பட்டு, மருத்துவத் தட்டில் போய் உட்கார்ந்துவிட்டது. இரண்டு மாதம் கழித்து ஒரு அம்மா வந்தார். பேரனிடம் எண்ணை எழுதிக் கொடுத்தனுப்பி எடுத்துவரச் சொன்ன புத்தகமாம். "மூட்டு வலிக்குத்தானே கேட்டேன், வத்தக்குழம்பு இருக்கே" என்று பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். அப்புறம், இதையே வைத்துக்கொள்கிறேன் என்று எடுத்துக்கொண்டும் போய்விட்டார்.

அன்றிலிருந்து எங்கள் சட்டம்: கோஹா இரட்டிப்பு என்று கேட்டால் இரண்டு புத்தகத்தையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல் யாரும் யெஸ் கொடுக்கக் கூடாது. இரண்டுக்கும் ஒரே எண் என்றால் எண்ணை அப்படியே விட்டு, குறிப்பில் ஒரு வரி எழுதிவிடுகிறோம்.

இதற்குத் தலைகீழான தொல்லையும் உண்டு. ஒரே புத்தகம், இரண்டு எண். 2007 ஜனவரி 1 முதல்தான் ஐஎஸ்பிஎன் 13 இலக்கம் ஆனது. அதற்கு முன் 10. 1990களில் வந்த பிரதியில் 81 என்று தொடங்கும் பத்து இலக்கம் இருக்கும், மறு அச்சில் 978-81 என்று தொடங்கும் பதின்மூன்று. கோஹாவுக்கு இவை வேறு வேறாகத் தெரியும். அமைப்புகளில், ஐஎஸ்பிஎன்னை எல்லா வடிவத்திலும் தேடு என்று சொல்லும் விருப்பம் ஒன்று இருக்கிறது. நிறுவும்போது அது அணைந்திருக்கும். முதல் வேலையாக அதை ஏற்றிவிடுங்கள். பத்தைப் பதின்மூன்றாக்க முன்னால் 978ஐ ஒட்டினால் போதும் என்றும் நினைக்காதீர்கள். கடைசி இலக்கம் மாறும். சில அச்சகங்கள் அப்படித்தான் ஒட்டி அடித்திருக்கின்றன. அவையெல்லாம் 'இஸட்' அறைக்குப் போக வேண்டிய எண்கள்.

கடைசி இலக்கம் ஏன் மாறும் என்று கேட்பீர்கள். எனக்குப் பிடித்த இடமே இதுதான், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த இலக்கம் சரிபார்ப்புக்கு. இணையத்தில் விளக்கங்களில் அடிக்கடி உதாரணமாக வரும் எண் ஒன்று இருக்கிறது: 9780306406157. முதல் இலக்கத்தை ஒன்றால் பெருக்கு, அடுத்ததை மூன்றால், மறுபடி ஒன்று, மறுபடி மூன்று. 9, 21, 8, 0, 3, 0, 6, 12, 0, 18, 1, 15, 7. கூட்டினால் 100. பத்தால் மீதியின்றி வகுபட்டால் எண் செல்லும். பத்து இலக்கத்துக்குக் கணக்கு வேறு. முதல் இலக்கத்தைப் பத்தால், அடுத்ததை ஒன்பதால் என்று இறங்கிக்கொண்டே வந்து, கூட்டுத்தொகை 11ஆல் வகுபட வேண்டும். மீதி சரிக்கட்ட 10 தேவைப்பட்டால் ஒரே இலக்கத்தில் 10 எழுத முடியாது என்பதால் ரோமானிய எக்ஸ். பழைய புத்தகங்களில் எண்ணின் வாலில் எக்ஸ் நிற்பது அதனால்தான். ஒரு தன்னார்வலர் அதை அச்சுப்பிழை என்று நினைத்து ஒரு நாள் முழுக்க விட்டுவிட்டே அடித்திருந்தார்.

இந்தக் கூட்டல் எல்லாம் கோஹா செய்யுமா என்றால், எங்களிடம் இருக்கும் அமைப்பில் செய்வதில்லை. கையால் தப்பாக அடித்தாலும் சமர்த்தாகச் சேமித்துக்கொள்கிறது. இது எனக்குப் பெரிய குறை. வங்கியில் ஒரு இலக்கம் மாறினால் இயந்திரம் அங்கேயே சிவப்புக் காட்டும்.

ஆனால் பரிசோதனை இருந்திருந்தாலும் ஒரு தப்பை அது பிடித்திருக்காது. ஒரு தோட்டக்கலைப் புத்தகம். பின்னட்டை கிழிந்திருந்ததால் உள்ளே பார்த்துக் கையால் அடித்தேன். பட்டியலில் அட்டைப் படம் வரும்படி வைத்திருக்கிறோம். கோஹா அந்த எண்ணைக் கொண்டு ஓப்பன் லைப்ரரி என்ற இணையப் பட்டியலிலிருந்து படத்தை எடுத்துவரும். ரோஜாவுக்குப் பதில் கையில் துப்பாக்கியோடு ஒருவன் நின்றான். எண்ணை மூன்று தடவை சரிபார்ப்புக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் பத்தால் வகுபட்டது. புத்தகத்தை மறுபடி எடுத்து ஒவ்வொரு இலக்கமாக விரல் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பக்கத்துப் பக்கத்து 6ஐயும் 1ஐயும் இடம் மாற்றி அடித்திருக்கிறேன். மேலே சொன்ன எண்ணிலேயே செய்து பாருங்கள். 615ஐ 165 ஆக்குங்கள். 18ம் 1ம் இருந்த இடத்தில் 3ம் 6ம் வரும், கூட்டுத்தொகை 90. அதுவும் செல்லும்! ஐந்து வித்தியாசம் உள்ள இரண்டு இலக்கம் அடுத்தடுத்து இடம் மாறினால் பதின்மூன்று இலக்கக் கணக்கு அதைப் பிடிக்காது. பழைய பத்து இலக்கக் கணக்கு பிடித்துவிடும். புதுசு வந்தால் எல்லாம் மேல் என்பதில்லை. அட்டைப் படத்தை அலங்காரம் என்று நினைத்திருந்தவன், இப்போது அதைத்தான் கடைசிச் சாட்சியாகப் பார்க்கிறேன். தமிழ்ப் புத்தகங்களுக்குப் பெரும்பாலும் படமே வராது என்பது வேறு விஷயம்.

இனி எக்செல் கதை. வேலை வேகமாக நடக்கட்டும் என்று ஒரு இடத்தில் காசு கொடுத்து ஒரு பகுதியைத் தட்டச்சு செய்யச் சொன்னோம். எக்செலில் அடித்து, கமா பிரித்த கோப்பாகச் சேமித்து அனுப்பினார்கள். 13 இலக்கத்தை எக்செல் ஒரு தொகை என்று எடுத்துக்கொள்ளும். கட்டம் குறுகலாக இருந்தால் 9.78819, பிறகு ஒரு இ, ஒரு கூட்டல் குறி, 12 என்று சுருக்கிக் காட்டும். அப்படியே சேமித்தால் அதுதான் கோப்பில் போய் உட்காரும். திரும்பத் திறந்தால் 9788190000000. பத்து பதிப்பகம், பத்து விதமான புத்தகம், எல்லாவற்றுக்கும் பின்னால் ஏழு பூஜ்யம். நான் கோப்பைத் திறந்து பார்க்காமல் மார்க்எடிட் என்ற மென்பொருளில் மார்க் பதிவுகளாக மாற்றி கோஹாவுக்குள் ஏற்றினேன். முதல் கோப்பு ஏறியது, ஏனென்றால் ஒப்பிட அதற்கு முன் அந்த எண்ணில் எதுவும் இல்லை. இரண்டாவது கோப்பை, ஐஎஸ்பிஎன் ஒத்திருந்தால் பழைய பதிவையே வைத்துக்கொண்டு பிரதியை மட்டும் சேர் என்று சொல்லி ஏற்றினேன். 58 புத்தகம். 58ம் ஒரு பக்திப் பாடல் தொகுப்பின் பிரதிகளாக வரிசையில் நின்றன. செயலாளர் திரையைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு காப்பி எதுக்கு சார் வாங்கினீங்க" என்றார்.

இங்கே கோஹாவுக்கு ஒரு கும்பிடு. ஏற்றிய தொகுதிகளை நிர்வகிக்கும் பக்கத்தில், பட்டியலில் ஏற்றியதைத் திரும்பப் பெறு என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினேன். ஒரு நிமிடத்தில் 58ம் மறைந்தன. 34 வருட வேலையில் எனக்கு அப்படியொரு பொத்தான் கிடைத்ததே இல்லை. மறுபடி அனுப்பும்போது அந்தப் பத்தியை எண்ணாக வைக்காமல் எழுத்தாக வைக்கச் சொல்லிவிட்டோம். முன்னால் பூஜ்யத்தில் தொடங்கும் பழைய பத்து இலக்க எண்களும் அதனால்தான் பிழைத்தன. இல்லாவிட்டால் எக்செல் அந்தப் பூஜ்யத்தை முழுங்கிவிடும்.

எங்கள் இருப்பில் பாதிக்கு மேல் ஐஎஸ்பிஎன்னே இல்லாத புத்தகங்கள். அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. இந்த எண்முறை பிரிட்டனில் 1960களின் பிற்பகுதியில் பிறந்தது, 1970இல்தான் சர்வதேசத் தரமானது. இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் பெயரிலான ஏஜென்சி எண் வழங்க ஆரம்பித்தது 1985இல். அதற்கும் பின்னால் பல வருடம் தமிழில் நிறைய பதிப்பகங்கள் அதை வாங்கிக்கொள்ளவில்லை. இத்தனைக்கும் இங்கே இலவசம், அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் காசு. எங்கள் 1950, 60களின் நாவல்களில் 'முதற் பதிப்பு', 'விலை ரூ. 3.50', அச்சகத்தின் பெயர், அவ்வளவுதான் இருக்கும். அவற்றுக்கு 020ஐக் காலியாக விடுங்கள். நாங்கள் ஆரம்பத்தில் காலியாக விட மனசில்லாமல் ஒரு 0 போட்டு வைத்தோம். உடனே கோஹா எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் இரட்டிப்பு என்று சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டது. வேறொரு வாசகசாலையில் அக்சஷன் நம்பரையே அங்கே போட்டிருந்ததையும் பார்த்தேன். ஐஎஸ்பிஎன் பதிப்புக்கு உரியது; ஆயிரம் பிரதி அடித்தால் ஆயிரத்துக்கும் ஒன்றே. அக்சஷன் நம்பர் உங்கள் தட்டில் இருக்கும் அந்த ஒரு பிரதிக்கு. அது போக வேண்டிய இடம் 952 என்ற புலம். அங்கே போட்டால்தான் இரவல் கொடுக்கும்போது ஸ்கேனர் ஆளைத் தெரிந்துகொள்ளும்.

எண்ணின் தலையைப் பார்த்தே ஊரைச் சொல்லலாம் என்பது இந்த வேலையில் கிடைத்த ஒரு சின்னச் சந்தோஷம். 978க்குப் பிறகு 81 அல்லது 93 என்றால் இந்தியா, 955 அல்லது 624 என்றால் இலங்கை, 981 சிங்கப்பூர், 983ம் 967ம் மலேசியா. முன்பக்கம் கிழிந்து போன ஒரு கவிதைத் தொகுப்பு எந்த ஊரில் வந்தது என்று தெரியாமல் கிடந்தது, பின்னட்டையில் 955. இலங்கை என்று போட்டேன். 979இல் தொடங்கும் எண்ணும் இப்போது வருகிறது, அமெரிக்காவில் வருவது 979-8. அதைப் பிழை என்று நினைத்து 978 ஆக்கிவிடாதீர்கள், அதற்குப் பத்து இலக்க வடிவமும் கிடையாது, தேடவும் வேண்டாம்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். பிடித்துவைத்த ஒன்று, கையால் அடிக்கும் எண்ணைக் கூட்டிப் பார்க்காமல் சேமிப்பதற்காக. ஆயிரம் புத்தகத்துக்குக் கீழே, எல்லாம் தமிழ், எல்லாம் பழசு என்றால் கோஹா வேண்டாம். ஒரு நல்ல நோட்டும் பொறுமையும் போதும். அன்பளிப்பு மூட்டை வந்துகொண்டே இருக்கும் இடம் என்றால் போடலாம். ஆனால் மென்பொருள் தெரிந்த ஒரு ஆளை ஊரிலேயே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்துத் தெருப் பெண்ணுக்கு வரும் தையில் கல்யாணம், மாப்பிள்ளை கோயம்புத்தூர். போவதற்குள் ஜெப்ரா என்ற தேடல் அட்டவணையை எப்படித் திரும்பக் கட்டுவது என்று நோட்டில் எழுதி வைத்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். இதுவரை ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறாள். ஸ்கேனர் ஒயர் வேறு கழுத்தில் பிய்ந்துகொண்டு வருகிறது. இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறேன்.